கடைசிச் சொட்டு வரை

பசியோடு இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள். சாப்பிட்டுவிட்டும் பார்க்காதீர்கள், அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். சப்டைட்டில் படிக்கச் சோம்பல் என்றாலும் பரவாயில்லை. கொதிக்கிற சத்தம், வதக்குகிற சத்தம், உஸ்ஸென்று உறிஞ்சுகிற சத்தம்... காதை மட்டும் கொடுத்தாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

படத்தின் பெயர் 'டாம்போப்போ'. 1985ல் வந்த ஜப்பானியப் படம். டைரக்டர் ஜூஸோ இடாமி. டாம்போப்போ என்பது ஒரு மஞ்சள் காட்டுப் பூ. ஆங்கிலத்தில் டான்டிலயன் என்பார்களே, ஊதினால் பஞ்சு பஞ்சாகப் பறக்குமே, அது. படத்தில் அது கதாநாயகியின் பெயர். நடித்தவர் நோபுகோ மியாமோடோ, டைரக்டரின் மனைவி.

கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். கணவனை இழந்த டாம்போப்போ, ஒரு சின்னப் பையனையும் ஓடாத ஒரு ராமென் கடையையும் வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடுகிறாள். மழை பெய்கிற ஒரு ராத்திரி, கோரோ என்கிற லாரி டிரைவர் கௌபாய் தொப்பியோடு வந்து இறங்குகிறான். கடையில் வம்பு பண்ணுகிறவர்களோடு மோதி, நன்றாக அடி வாங்கி, மறுநாள் காலை அவள் வீட்டில் கண்விழிக்கிறான். என் ராமென் எப்படி இருந்தது என்று அவள் கேட்கிறாள். அக்கறை தெரிகிறது, ஆனால் உயிர் இல்லை என்கிற மாதிரி உள்ளதைச் சொல்லிவிடுகிறான். அப்படியானால் கற்றுக்கொடு என்கிறாள். கற்றுக்கொடுக்கிறான். கடை ஓட ஆரம்பிக்கிறது. அவன் லாரி ஏறிப் போய்விடுகிறான்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். 1953ல் வந்த 'ஷேன்' என்கிற ஹாலிவுட் படத்தின் எலும்புக்கூடு இது. குதிரையில் வருகிற அந்நியன், கஷ்டப்படுகிற குடும்பம், அவனை வாய் பிளந்து பார்க்கிற சிறுவன், கடைசியில் பிரிவு. குதிரைக்குப் பதில் லாரி, துப்பாக்கிக்குப் பதில் கரண்டி. கூடவே குரோசவாவின் 'ஏழு சாமுராய்' போல ஒவ்வொரு ஆளாகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. நூடுல்ஸுக்கு ஒருவர், சூப்புக்கு ஒரு கிழவர், கடையின் உள் அலங்காரத்துக்கு முதல் நாள் அடித்தவனே! படத்தை விளம்பரம் செய்தபோதே 'ராமென் வெஸ்டர்ன்' என்றுதான் சொன்னார்கள். இத்தாலிக்காரர்கள் எடுத்தால் ஸ்பகெட்டி வெஸ்டர்ன், ஜப்பான்காரர் எடுத்தால் ராமென் வெஸ்டர்ன். நியாயம்தானே?

கோரோவின் கூட லாரியில் வருகிற ஒல்லிப் பையனைக் கவனியுங்கள். பிற்பாடு 2003ல் 'தி லாஸ்ட் சாமுராய்' படத்தில் டாம் குரூஸை ஓரம் கட்டிய கென் வாடனாபே. வெள்ளை சூட் போட்டுக்கொண்டு காதலியோடு திரிகிற தாதா, கோஜி யாகுஷோ. 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்துக்காக 2023ல் கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கியவர். இருவருமே அப்போது இளசுகள்.

*

ராமென் என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். கோதுமை நூடுல்ஸ், சூடான சூப், மேலே சில பதார்த்தங்கள். இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' மேல் ஜப்பானியர்கள் ஒரு மதத்தையே கட்டியிருக்கிறார்கள். அதைத்தான் படம் முதலில் கிண்டல் செய்கிறது.

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. ராமென் சாப்பிடுவது எப்படி என்று ஒரு முதியவர் இளைஞனுக்குப் பாடம் எடுக்கிறார். முதலில் கிண்ணத்தைப் பார்க்க வேண்டுமாம். ஆவியை முகர வேண்டும். குச்சியால் மேற்பரப்பை மெதுவாக வருட வேண்டும். பன்றி இறைச்சித் துண்டைத் தொட்டு, ஓரமாக ஒதுக்கி, அப்புறம் சந்திக்கிறேன் என்று அதனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகுதான் நூடுல்ஸ். ஒரு குரு சிஷ்யனுக்கு உபதேசம் செய்கிற அதே முகபாவம். சிரிக்காமல் நடித்திருப்பதால் நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டாம்போப்போவின் பயிற்சியும் இதே லட்சணம்தான். அவள் மூச்சு வாங்க ஓடுகிறாள். கனமான பாத்திரங்களைத் தூக்கிப் பழகுகிறாள். வாடிக்கையாளர் வரிசையாகச் சொல்கிற ஆர்டர்களை மனப்பாடம் செய்கிறாள். போட்டிக் கடையின் குப்பைத் தொட்டியை ராத்திரியில் கிளறி, சூப்பில் என்னென்ன போடுகிறார்கள் என்று உளவு பார்க்கிறார்கள். குத்துச்சண்டைப் படத்தில் ஹீரோ படுகிற பாடு முழுக்க இவள் படுகிறாள், ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காக!

படம் வெளியான வருஷத்தை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். 1985 என்பது ஜப்பானில் பணம் கொழிக்க ஆரம்பித்த சமயம். எதைத் தின்பது, எங்கே தின்பது, எப்படித் தின்பது என்று ஒரு தேசமே நாக்கால் யோசித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிற 'ஓய்ஷின்போ' என்கிற படக்கதைத் தொடர் 1983ல் தொடங்கிப் பிய்த்துக்கொண்டு ஓடியது. இடாமி 1933ல் பிறந்தவர். யுத்தத்தில் ஜப்பான் தோற்றபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. நாடே சோற்றுக்கு அலைந்த காலம் அது. வயிறு காய்ந்த காலத்தைப் பார்த்த ஒருவர், வயிறு நிறைந்தவர்களின் அலட்டலைப் பார்த்துச் சிரிக்கிற படம் இது.

சிரிப்பதோடு நிறுத்தினாரா என்பதுதான் கேள்வி. இல்லை என்பதுதான் என் கட்சி.

*

படத்தில் முக்கியக் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் குட்டிக் குட்டிக் கதைகள் நடுநடுவே வருகின்றன. இடைச்செருகல்தானே என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு இவைதான் படமே. முக்கியக் கதை 'பூரணமான ஒரு கிண்ணம்' என்கிறது. துண்டுக் கதைகளில் பல, அதன் காதருகே வந்து, 'அப்படி ஒன்றும் அவசியமில்லை' என்கின்றன.

உதாரணத்துக்குச் சில. பெரிய ஓட்டலில் கம்பெனி அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து, என்ன ஆர்டர் செய்வதென்று தெரியாமல், முதல் ஆள் சொன்னதையே எல்லோரும் சொல்கிறார்கள். பெட்டி தூக்கி வந்த கடைநிலைப் பையன் மட்டும் மெனுவைப் படித்து, பிரெஞ்சு சமையலில் கரை கண்டவனாக ஆர்டர் கொடுக்கிறான். மேலதிகாரிகள் முகம் சிவக்கிறது.

இன்னொரு இடத்தில், ஸ்பகெட்டியைச் சத்தமில்லாமல் சாப்பிடுவது எப்படி என்று இளம்பெண்களுக்கு வகுப்பு நடக்கிறது. அதே ஹாலில் ஒரு வெள்ளைக்காரர் உஸ்ஸ்ஸ் என்று உறிஞ்சித் தள்ளுகிறார். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்க உஸ்ஸ்ஸ்!

வீடில்லாதவர்களின் கூட்டம் ஒன்று வருகிறது. பெரிய ரெஸ்டாரன்ட்களில் மிச்சமானதைச் சாப்பிட்டே வளர்ந்த நாக்குகள். எந்த பாட்டிலின் அடியில் என்ன ஒயின் மிச்சம் இருந்தது என்று அலசுகிறார்கள். அதில் ஒருவர், டாம்போப்போவின் பையனை ஒரு ரெஸ்டாரன்டின் சமையலறைக்குள் திருட்டுத்தனமாகக் கூட்டிப்போய், அங்கே இருக்கிற சாதத்தையும் முட்டையையும் வைத்து ஆம்லெட் சாதம் செய்து தருகிறார். சாதத்தின் மேல் உட்காருகிற ஆம்லெட்டை நடுவில் கீறினால், பூ விரிகிற மாதிரி விரிந்து மூடிக்கொள்கிறது. டோக்கியோவில் 'தாய்மெய்கென்' என்கிற பழைய ரெஸ்டாரன்டில் இந்தப் பதார்த்தத்துக்கு டாம்போப்போ ஆம்லெட் சாதம் என்றே பெயர். படத்தின் பூரணமான ராமெனை விட, வீடில்லாத ஓர் ஆள் இருப்பதை வைத்துச் செய்த ஆம்லெட்தான் நிஜ உலகத்தில் பிரபலமானது. கவனித்தீர்களா?

இனி அந்தக் காட்சி. படத்தையே விட்டுவிட்டாலும் இதை மட்டும் தேடிப் பாருங்கள். சில நிமிஷங்கள்தான்.

ஒருவன் அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடி வருகிறான். மனைவி படுக்கையில், சாகிற நிலையில். பக்கத்தில் டாக்டர், நர்ஸ், குழந்தைகள். போய்விடாதே, போய்விடாதே என்று கத்துகிறான். என்ன சொல்லி அவளை நிறுத்துவது என்று தெரியவில்லை. சட்டென்று, 'எழுந்திரு, சமையல் பண்ணு!' என்கிறான்.

அவள் எழுந்திருக்கிறாள்! தட்டுத் தடுமாறி அடுப்படிக்குப் போகிறாள். வெங்காயத்தாளை நறுக்குகிறாள். சாதத்தைப் போட்டுப் புரட்டி, ஃப்ரைட் ரைஸ் செய்து கொண்டுவந்து வைக்கிறாள். எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அவள் பார்க்கிறாள். லேசாகச் சிரிக்கிறாள். சாய்ந்துவிடுகிறாள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து நேரத்தைச் சொல்கிறார். குழந்தைகள் அழுகின்றன. அப்பன்காரன் அழுதுகொண்டே அதட்டுகிறான். சாப்பிடுங்கள், அம்மா கடைசியாகச் செய்தது, சூடு இருக்கும்போதே சாப்பிடுங்கள் என்கிறான். அழுதுகொண்டே வாயில் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா, அந்த ஆளை நாலு சாத்து சாத்துவதா? மூன்றும் ஒரே நேரத்தில் தோன்றும். இடாமி எந்தப் பக்கமும் சாயவில்லை. மெல்லிசான சோக மியூசிக் போட்டு நம்மைக் கைபிடித்து அழைத்துப் போகவில்லை. அவன் கூப்பாட்டில் அன்பு இருக்கிறது. அதே கூப்பாட்டில் காலம் காலமான அராஜகமும் இருக்கிறது. உயிர் போகிற வேளையிலும் அவளை எழுப்ப அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை, 'சமையல் பண்ணு.' அவளுக்கும் எழுந்திருக்கத் தெரிந்த ஒரே காரணம் அதுதான்.

அந்த ஃப்ரைட் ரைஸில் விசேஷம் எதுவும் இல்லை. எந்தக் கிழவரும் கற்றுக்கொடுக்கவில்லை. எலும்பு கொதிக்கவில்லை. வீட்டில் இருந்த சாதம், வீட்டில் இருந்த வெங்காயத்தாள். ஆனால் அதற்குப் பக்கத்தில் டாம்போப்போவின் பூரணமான ராமென் நிற்க முடியாது. வீட்டுச் சாப்பாட்டு ஆறுதல் என்று நாம் கொண்டாடுகிற விஷயத்தின் இரண்டு பக்கத்தையும் இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. இருப்பதை வைத்துச் செய்ததுதான் மனசில் நிற்கும் என்பது ஒரு பக்கம். அதைச் செய்கிறவர் படுக்கவே விடப்படுவதில்லை என்பது இன்னொரு பக்கம்.

*

இருப்பதை வைத்துச் செய்வது என்றேன். ராமெனின் வரலாறே அதுதான்.

அது ஜப்பானிய உணவே அல்ல என்பது முதல் விஷயம். சீனர்கள் கொண்டுவந்த கோதுமை நூடுல்ஸ். 1910ல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் 'ராய்ராய்கென்' என்று ஒரு கடை திறந்தார்கள். யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களைக் கூட்டிவந்து, சீன நூடுல்ஸை ஜப்பானிய சோயா சாஸ் சூப்பில் போட்டுக் கொடுத்தார்கள். பட்டணத்துக் கூலிகளும் குமாஸ்தாக்களும் சாப்பிட்டுப் போவதற்குத் தோதான, மலிவான, சூடான சாப்பாடு.

1945ல் தோல்வி. அந்த வருஷம் நெல் விளைச்சலும் படு மோசம். சோறு இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய கோதுமை இருந்தது. கள்ளச் சந்தைகளில் தள்ளுவண்டி நூடுல்ஸ் கொடிகட்டிப் பறந்தது. அரிசி கிடைத்திருந்தால் ராமென் இந்த அளவுக்கு ராஜ்யம் நடத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்போது ஓஸாகாவில் தள்ளுவண்டி முன்னால் குளிரில் நீண்ட க்யூ நின்றதைப் பார்த்தவர்களில் ஒருவர் மோமோஃபுகு ஆண்டோ. தைவானில் 1910ல் பிறந்தவர். பல வியாபாரம் செய்து, ஜெயிலுக்கும் போய், அவர் தலைவராக இருந்த கூட்டுறவு வங்கி 1957ல் திவாலாகி, கையில் வீடு மட்டும் மிச்சம். கொல்லைப்புறத்தில் ஒரு ஷெட் போட்டுக்கொண்டு, வெந்நீர் ஊற்றினால் ராமென் ஆகிற நூடுல்ஸைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். எப்படிக் காயவைத்தாலும் சரியாக வரவில்லை. மனைவி டெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோது பிடி கிடைத்தது. சூடான எண்ணெயில் போட்டால் மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாக வெளியே ஓடி, நூடுல்ஸ் முழுக்க நுண்ணிய துவாரங்கள் விழும். பிறகு வெந்நீர் ஊற்றினால் அதே துவாரங்கள் வழியாக உள்ளே புகுந்துவிடும். 1958 ஆகஸ்டில் 'சிக்கன் ராமென்' விற்பனைக்கு வந்தது. பாக்கெட் 35 யென். சாதாரண நூடுல்ஸை விடப் பல மடங்கு விலை! பணக்காரப் பண்டமாகப் பிறந்து ஏழைப் பண்டமாக மாறியது. 2000ல் ஜப்பானியர்களிடம் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஜப்பானியக் கண்டுபிடிப்பு எது என்று ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டபோது, பாக்கெட் நூடுல்ஸைத்தான் சொன்னார்கள். ஆண்டோ 2007ல், 96 வயதில் காலமானார்.

கண்டுபிடிப்பாளருக்கு யோசனை கொடுத்தது அடுப்படியில் நின்ற மனைவி என்பதையும் மேலே சொன்ன காட்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர் ராமென் வேறுபடுவதும் இப்படித்தான். வடக்கே குளிர்ப் பிரதேசமான ஸப்போரோவில் கைக்கு எட்டியது மிஸோ என்கிற புளித்த சோயா விழுது. 1950களில் அதைச் சூப்பில் கரைத்தார்கள், மிஸோ ராமென். தெற்கே கியூஷுவில் பன்றி எலும்பு. அங்கே ஒரு கடையில் சூப்பை மறந்து அதிக நேரம் கொதிக்கவிட, அது பால் போல வெள்ளையாகி, அதுவே நன்றாக இருந்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். ஆக, இன்றைக்கு 'பாரம்பரிய ராமென் இப்படித்தான் இருக்கவேண்டும்' என்று மீசை முறுக்குகிற எல்லாப் பாரம்பரியமும், ஒரு காலத்தில் யாரோ இருப்பதை வைத்துச் சமாளித்ததுதான்.

*

சரி, சினிமா விமர்சனத்தில் சமையல் குறிப்பு வரலாமா? இந்தப் படத்துக்கு வரலாம். படமே பாதி சமையல் குறிப்புதான்.

ராமென் கடைக்காரர்கள் கிண்ணத்தை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். உப்பும் சுவையும் தருகிற அடிச்சாறு, சூப், நூடுல்ஸ், மேலே வைக்கிறவை, கடைசியில் விடுகிற வாசனை எண்ணெய். இந்த ஐந்தையும் புரிந்துகொண்டால் போதும், ஜப்பானிலிருந்து எதுவும் தருவிக்க வேண்டாம்.

அடிச்சாறு: கிண்ணத்தின் அடியில் முதலிலேயே இரண்டு ஸ்பூன் சோயா சாஸ். முடிந்தது.

சூப்: இங்கேதான் ரகசியம். 1908ல் டோக்கியோ பேராசிரியர் கிகுனாயே இகேதா, கொம்பு என்கிற கடல்பாசிக் குழம்பு ஏன் ருசிக்கிறது என்று ஆராய்ந்து, குளூட்டமேட் என்கிற சமாசாரத்தைப் பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அதைத்தான் மறு வருஷம் அஜினோமோட்டோ என்று விற்க ஆரம்பித்தார்கள். ஆமாம், நம்மூர் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் கெட்ட பெயர் எடுத்த அதே அஜினோமோட்டோ. பெயருக்கு அர்த்தம், 'சுவையின் மூலம்.' பிற்பாடு இகேதாவின் வழியில் வந்தவர்கள் உலர்ந்த மீனிலும், காய்ந்த ஷிடாகே காளானிலும் வேறு இரண்டு பொருட்களைக் கண்டுபிடித்தார்கள். குளூட்டமேட்டோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் ருசி கூட்டல் அல்ல, பெருக்கல்!

இதை வைத்துக்கொண்டு உங்கள் சமையலறையைப் பாருங்கள். குளூட்டமேட் பழுத்த தக்காளியில் இருக்கிறது, சோயா சாஸில் இருக்கிறது. உலர்ந்த மீனுக்கு நெத்திலிக் கருவாடு இருக்கிறது. ஜப்பானியர்கள் ராமென் சூப்புக்குப் போடுகிற 'நிபோஷி'யும் நெத்திலி வகை மீனை வேகவைத்துக் காயவைத்ததுதான். தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிடுங்கள், கசக்கும். அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். உப்புக் கருவாடு என்றால் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். சைவம் என்றால் காய்ந்த காளான், தக்காளி, வதக்கிய வெங்காயம். கோழிக் குழம்புக்கு எடுத்துவைத்த எலும்பு இருந்தால் ராஜயோகம்.

நூடுல்ஸ்: ராமென் நூடுல்ஸ் மஞ்சளாக, வழவழப்பாக, பல்லுக்குச் சற்று எதிர்த்து நிற்பதற்குக் காரணம் முட்டை அல்ல. 'கன்ஸுய்' என்கிற காரத்தண்ணீர், அதாவது சோடா உப்பு வகை. கோதுமையில் இருக்கிற சில நிறமிகள் காரம் பட்டால் மஞ்சளாகிவிடும், மாவும் இறுகும். வீட்டில் மெல்லிய ஸ்பகெட்டி இருக்கிறதா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆப்பசோடா போட்டு வேகவையுங்கள். கிட்டத்தட்ட ராமென் ஆகிவிடும். ஜப்பானிய வீடுகளிலேயே செய்கிற குறுக்குவழிதான். பொங்கும், ஆகவே பெரிய பாத்திரம். அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர். வெந்ததும் நல்ல தண்ணீரில் ஓர் அலசு.

அதுவும் இல்லையா? பாக்கெட் நூடுல்ஸ் இருக்கவே இருக்கிறது. மசாலாத் தூளில் பாதியை மட்டும் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. ஜப்பானியப் பாக்கெட் ராமென் பல, ஒரே வேளையில் அந்தக் கணக்கை முடித்துவிடும். படத்தில் வருகிறவர்கள் மாதிரி தினமும் கடைசிச் சொட்டு வரை குடித்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார்.

மேலே வைக்கிறவை: கொதிக்கிற தண்ணீரில் ஏழு நிமிஷம் வெந்த முட்டை. உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மஞ்சள் கரு தேன் பதத்தில் நிற்கும். முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, நேற்றைய பொரியல்... பொரியலில் தேங்காய் இருந்தால் மட்டும் யோசிக்கவும்.

வாசனை எண்ணெய்: பூண்டும் இஞ்சியும் பொன்னிறமாகும்வரை எண்ணெயில் காய்ச்சி ஒரு ஸ்பூன். ஜப்பானியர் எள்ளை வறுத்து ஆட்டுவார்கள், நம் நல்லெண்ணெய் வறுக்காதது, ஆகவே அந்த மணம் வராது. கொஞ்சம் எள்ளை வறுத்து நசுக்கித் தூவினால் சரியாகிவிடும்.

இது அசல் ராமென் ஆகுமா என்று யாராவது கேட்டால், 1910ல் அசகுசாவில் சீன நூடுல்ஸை சோயா சாஸில் முக்கியவர்களையும் இதே கேள்வி கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

*

படத்துக்கு வருகிறேன். குறை உண்டா? உண்டு.

க்ளைமாக்ஸில் டாம்போப்போவின் ராமெனுக்குப் பரீட்சை. கவுண்டரில் ஐந்து ஆண்கள். ஐந்து கிண்ணங்கள். அவள் எதிரே நின்று அவர்கள் முகத்தையே பார்க்கிறாள். ஒவ்வொருவராகக் கிண்ணத்தைத் தூக்கி, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி, காலிக் கிண்ணத்தை வைக்கிறார்கள். பாஸ்! அவள் கண்ணில் தண்ணீர். நமக்கும்தான்.

நல்ல காட்சிதான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்த வரிசையில் ஆறாவதாக ஒரு கிண்ணம் இல்லை. இத்தனை மாதம் ஓடி, தூக்கி, கொதிக்கவைத்து, கொட்டி, மறுபடி கொதிக்கவைத்தவள் நின்றுகொண்டிருக்கிறாள். உட்கார் அம்மா, நீயும் சாப்பிடு என்று அந்த ஐந்து நிபுணர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஃப்ரைட் ரைஸ் காட்சியில் அவ்வளவு கூர்மையாகப் பார்த்த இடாமிக்கு, தன் கதாநாயகி விஷயத்தில் மட்டும் பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது. செத்துக்கொண்டே சமைக்கிறவளுக்காக நம்மைப் பதறவைத்தவர், நின்றுகொண்டே ஜெயிக்கிறவளைப் பார்த்துக் கைதட்டச் சொல்கிறார். இரண்டு பேரும் நிற்கிற இடம் ஒன்றுதானே?

வேண்டுமென்றே செய்தாரோ என்றும் ஒரு சந்தேகம். காரணம், படத்தின் கடைசி ஷாட். கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது, பூங்கா பெஞ்சில் ஒரு தாய், மடியில் குழந்தை, பால் குடிக்கிறது. காமிரா நகராமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குரு இல்லை, பரீட்சை இல்லை, எப்படிச் சாப்பிடுவது என்கிற பாடம் இல்லை. இரண்டு மணி நேரம் நாக்கைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் எல்லோருடைய முதல் சாப்பாட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார். பூரணமான கிண்ணத்தைத் தேடி ஓடியவர்களுக்கு இதைவிட மென்மையாகக் குட்டு வைக்க முடியாது. அதே சமயம், சாப்பாடு என்றால் யாரோ ஒருத்தி தன்னையே கொடுப்பது என்பதையும் அந்த ஷாட் மறைக்கவில்லை.

இடாமி அதற்குப் பிறகு வரி ஏய்ப்பவர்களைப் பற்றியும், யாகுஸா ரவுடிகளைப் பற்றியும் படம் எடுத்தார். 1992ல் அந்த ரவுடிப் படத்துக்காக நிஜ ரவுடிகளால் வெட்டப்பட்டார். பிழைத்து, மறுபடி படம் எடுத்தார். 1997ல் இறந்துபோனார். 'டாம்போப்போ'வின் புதுப்பித்த பிரதி 2016ல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தபோது புதிய தலைமுறை ஒன்று க்யூவில் நின்றது. ராமென் கடை முன்னால் நிற்பதைப் போலவே.

அவசியம் பாருங்கள். பார்த்து முடித்ததும் சமையலறைக்குப் போங்கள். உங்கள் வீட்டில் தினமும் சமைக்கிறவர் யாரோ, அம்மாவோ, மனைவியோ, கணவரோ, அவரை அன்றைக்கு உட்காரச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தக்காளி, ஒரு முட்டை, பாதி முட்டைக்கோஸ், ஒரு பாக்கெட் நூடுல்ஸ்... போதும். சூப் சுமாராகத்தான் வரும். முட்டை உடையும். பரவாயில்லை. சூடாகக் கொண்டுபோய் எதிரே வையுங்கள்.

அவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அதற்கப்புறம் எந்தக் கிழவரிடமும் சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டியதில்லை.